ஒற்றைத் தும்மலும் ரிவர்ஸ் மாமாவும்

கடலூரில் முன்னால் ஓடிய தூரத்தைவிடப் பின்னால் ஓடிய தூரம் அதிகமுள்ள ஒரே வண்டி எங்கள் ரிவர்ஸ் மாமாவின் வேன்தான். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அந்த வேனில் ஏறாதவர்கள். ஏறியவர்கள் சிரிக்க மாட்டார்கள், மணி பார்ப்பார்கள்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஆதார் அட்டைக்கும் அவர் மனைவி ஸ்டெல்லா அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எனக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை, அவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. கீழே மாமாவும் அத்தையும். வாசலில் மாமா வாடகைக்கு ஓட்டும் பழைய வெள்ளை வேன். ரிவர்ஸ் கியர் போட்டால் அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு பாட்டு வரும். வார்த்தை கிடையாது, வெறும் டிங் டிங். தாலாட்டையும் ஐஸ் வண்டி மணியையும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருக்கும்.

அந்தப் பாட்டு எங்கள் தெருவில் ஒரு நாளைக்குப் பல முறை கேட்கும். கேட்டதும் எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொல்வார்: "யாரோ தும்மிட்டாங்க."

விஷயம் அதுதான். மாமா தும்மல் சகுனம் பார்ப்பவர். சவாரியில் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால் வண்டி அதற்கு மேல் ஓர் அங்குலம் முன்னே போகாது. தெருவுக்குள் என்றால் ரிவர்ஸ், தெரு தாண்டியிருந்தால் யூ டர்ன். வீட்டுக்குத் திரும்பி வந்து, எல்லாரும் இறங்கி, உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகு புதிதாகக் கிளம்ப வேண்டும். அவசரம் என்று நீங்கள் கத்தலாம். மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ரிவர்ஸ் எடுப்பார்.

"வாராவாரம் பூசைக்குப் போறவுங்க, சகுனம் பாக்கலாமா மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆண்டவர் வேற டிபார்ட்மென்ட்டும்மா. அவுரு பெரிய பெரிய விஷயமெல்லாம் பாத்துக்குவாரு. ரோட்டு விஷயத்த நாமதான் பாத்துக்கணும்."

பங்கு ஃபாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசினாராம். கோயிலில் இருந்த அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவும், யாரைச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே அந்த ஃபாதரைக் கல்யாணப் பூசைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஃபாதர் தும்மிவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் பீடத்துக்கு முன்னால் காத்து நிற்க, ஃபாதர் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. "ஒத்தையா உட்டாத்தான் தோஷம். ரெட்டையா வந்துச்சுன்னா ராஜயோகம்." அதனால் வண்டிக்குள் யாராவது தும்மினால் மாமா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கண்ணாடியில் அவர்கள் மூக்கையே பார்ப்பார். "இன்னொண்ணு போடுங்க சார். வருது பாருங்க, வருது. அடக்காதீங்க, உடுங்க சார்!" அப்படியும் வராவிட்டால் டாஷ்போர்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்குப்பொடி டப்பா வெளியே வரும்.

விழுப்புரத்தில் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிய ஒரு பேங்க் ஆபீசர் அந்தப் பொடியைக் கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டார். இரண்டாவது தும்மல் வந்தது, மாமா கியரைப் போட்டார். மூன்றாவது வந்தது, எடுத்தார். நாலாவது வந்தது, போட்டார். ஐந்தாவது வந்தது. கடைசியில் ரயில் போய்விட்டது. மனிதர் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவருக்கு வேண்டியவர் யாரோ தவறிவிட்டார் என்று நினைத்துத் தெருவே வந்து துக்கம் விசாரித்தது.

எனக்கு மட்டும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. குடிவந்த புதிதில் மாமா வேனில் போகும்போது நான் ஒரு தும்மல் போட்டேன். வழக்கம்போல "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். மாமா கால் பிரேக்குக்குப் போனது.

"என்னாம்மா ஷமீமா, தும்மிட்டு ஏதோ சொன்னியே?"

"தும்மினா அல்லாவுக்கு நன்றி சொல்லணும் மாமா. எங்க வழக்கம்."

"தும்மினதுக்கா நன்றி?"

"ஆமா."

மாமா வெகுநேரம் யோசித்தார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். "நன்றி சொல்லிட்டியே, அப்பறம் அதுல ஏது தோஷம்? அது கழிஞ்சிபோச்சு. போலாம்," என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

மறுநாளே ஸ்டெல்லா அத்தை இந்த வழியில் நுழையப் பார்த்தார். மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது தும்மிவிட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று சத்தமாகச் சொன்னார். மாமா மசியவில்லை. "ஒன் தும்மல் எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து தெரியும். எறங்கு, தண்ணி குடி."

இப்படிப்பட்டவர் வீட்டு மாடியில் இருக்கும்போதுதான், கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து நான் உண்டானேன்.

ஆறாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா, "நீங்க டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைங்களோட இருக்கீங்க. மழைக்காலம் வர்றதுக்குள்ள ஒரு ஃப்ளூ ஊசி போட்டுடலாம். எந்த மாசத்துலயும் போடலாம், பயமில்ல. ஆனா எங்ககிட்ட ஸ்டாக் தீந்துபோச்சு, வெளிய எங்க கெடைக்குதுன்னு விசாரிங்க" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. முந்தின வருடம் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் ஃப்ளூ வந்து, மூச்சு விட முடியாமல் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துவிட்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. என் வகுப்பிலோ ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்து மூக்கு ஒழுகாத பிள்ளையே இல்லை. ஒவ்வொன்றும் ஆசையாக என் மடியில் வந்து இருமியது. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும்வரை எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது.

மெடிக்கல் ஷாப்புகளில் கேட்டேன். முதல் கடையில், "காய்ச்சல் எத்தனை நாளா?" என்றார்கள். காய்ச்சல் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு ஊசி?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்கள். இன்னொரு கடையில், "மாசமா இருக்கறவுங்க ஊசியெல்லாம் போடக் கூடாதும்மா, சுக்குக் கஷாயம் குடிங்க" என்றார்கள். மூன்றாவது கடையில் ஊசி இருந்தது, ஆனால் போன வருடத்தது. ஒவ்வொரு வருடமும் கிருமி மாறும், அதனால் ஊசியும் மாறும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு கடையாக அலைந்துவிட்டு வந்து மாடிப்படியில் சோர்ந்து உட்கார்ந்ததை ஸ்டெல்லா அத்தை பார்த்துவிட்டார். அத்தை பார்த்தால் மாமாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரிந்தால், அது அவருடைய வேலை.

"என்னா ஊசிம்மா அது?"

"ஃப்ளூ ஊசி மாமா."

"ப்ளூ ஊசி. இவ்ளோதானே? நீ போயி படு. நான் பாத்துக்கறேன்."

அன்று முழுக்கப் போனில் பேசினார். மறுநாள் காலையில் யாரும் தும்மாத ஒரு நல்ல நேரமாகப் பார்த்துப் பண்ருட்டிக்குப் போய், மதியம் ஒரு பெரிய பலாப்பழத்தோடும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடும் வந்தார். முகம் முழுக்க வெற்றி. பெட்டியைத் திறந்தேன். உள்ளே வரிசையாக வெறும் ஊசிமுனைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நல்ல நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

"கடைக்காரன் கேட்டான்மா, பச்சை இருக்கு, ஆரஞ்சு இருக்கு, எது வேணும்னு. நான் ஏமாறுவனா? ப்ளூ தவிர வேற எதயும் கையால தொடாதன்னுட்டேன்."

"மருந்து எங்க மாமா?"

"மருந்தா? நீ ஊசின்னுதானே சொன்ன?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எப்படியோ அழுகையாக மாறிவிட்டது. மாமா பயந்துபோனார். கையிலிருந்த பலாப்பழத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். ஐ.சி.யூ.வில் கிடந்த டீச்சரைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சாயங்காலம் நான் கீழே இறங்கும்போது, கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டைப் பல்லால் கடித்து, "ஃப்... ஃப்... ஃப்ளூ" என்று மாமா சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடியும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "அட, நீங்க ஏன் மெடிக்கலா ஏறி எறங்கறீங்க? குழந்தைங்க டாக்டர்கிட்ட கேளுங்க. தடுப்பூசியெல்லாம் அவுங்கதான் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்பாங்க" என்றார். இந்த ஒரு வரியை அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் பண்ருட்டிக்காரருக்கு ஒரு வியாபாரம் குறைந்திருக்கும்.

கடலூரில் நான் கேட்ட இடங்களில் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்றார்கள். சனிக்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில், "இந்த வருஷத்து ஊசி ஒண்ணே ஒண்ணு இருக்கு. டாக்டர் ஒரு மணிக்கு வெளியூர் கெளம்பறாரு. அதுக்குள்ள வந்தீங்கன்னா போட்டுடலாம். அடுத்த ஸ்டாக் எப்பன்னு சொல்ல முடியாது" என்றார்கள். என் கணவர் காலை ஷிஃப்ட்டில் இருந்தார். பஸ்ஸில் போகலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் ஊசி போடுவதற்கு முன்பே ஃப்ளூ வந்துவிடும். வேறு வண்டி வைத்துக்கொண்டு போனால் மாமா மூன்று நாள் சாப்பிட மாட்டார். அதனால் வேனில் ஏறினேன், துணைக்கு அத்தையும் ஏறினார். நேரம் தாராளமாக இருந்தது, யாரும் தும்மாத வரை.

தெருமுனையில் அத்தை தும்மினார்.

"ஸ்டெல்லா!" என்றார் மாமா, துரோகம் இழைக்கப்பட்டவர் குரலில்.

"வேணும்னா தும்மினேன்? காத்துல தூசி."

"மாமா, நேரமில்ல" என்றேன்.

"அதுக்குத்தான் பொடி இருக்கே" என்று டப்பாவை எடுத்தார். மூடி திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வயிற்றோடு அழுத்தி, ஒரு இழுப்பு இழுத்தார். மூடி திறந்துகொண்ட அதே நொடியில் ஆடிக் காற்று ஒரு வீசு வீசியது. டப்பாவில் இருந்த பொடி முழுவதும் தெருவுக்குள் போனது. எதிர்வீட்டுக்காரர் தும்மினார். பூக்காரம்மா தும்மினார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தும்மினார். பால்கனி, வாசல், மொட்டை மாடி என்று எல்லாப் பக்கமும் தும்மல். மாமா வண்டியை விட்டு இறங்கி விரலை மடக்கி எண்ணப் பார்த்து, கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணி, கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒத்தையா ரெட்டையான்னே புரியலியே!"

டிங் டிங் என்று வீட்டு வாசல்வரை பின்னால் போனோம். தண்ணீர் குடித்தோம். மறுபடி கிளம்பினோம்.

முதுநகர் தாண்டும்போது என் கணவர் போன் செய்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன், அது என் தப்பு. "எங்க இருக்க ஷமீ?" என்று கேட்டுவிட்டு அச்சென்று ஒரு தும்மல் போட்டார். வழக்கமாக நன்றி சொல்கிற மனிதர், பிளாண்ட் சத்தத்தில் அதை விழுங்கிவிட்டார். வேன் ஓரமாக நின்றது.

"மச்சான், தும்மிட்டு ஒண்ணும் சொல்லாம இருக்கீங்களே!" என்று நான் கத்த, அங்கே லைன் கட்டாகிவிட்டது.

மாமா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி யோசித்தார். "போன்ல வந்த தும்மல். அவன் எங்கயும் கெளம்பல, வேல பாத்துகினு இருக்கான். அது அவன் கம்பெனி கணக்குல போவும். நமக்குச் செல்லாது." வேன் நகர்ந்தது. அத்தை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நன்றி சொல்லாத ஒரு தும்மலை மாமா தள்ளுபடி செய்ததை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாராம்.

சிப்காட்டின் ரசாயன நெடிக்குப் பயந்து மாமா எங்கள் இருவரையும் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டோம். ஆலப்பாக்கம் போனது. புதுச்சத்திரமும் போனது. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, ஆனாலும் போய்விடலாம். நான் மூக்கை விட்டு மூச்சு வாங்கினேன்.

அப்போது மாமாவே தும்மினார்.

சாதாரணத் தும்மல் அல்ல. எத்தனையோ வருடமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வெளியே வந்த மாதிரி. கண்ணாடி அதிர்ந்தது, மாதா சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமா தும்மி நான் பார்த்ததே இல்லை, அத்தையும் பார்த்ததில்லை என்றார்.

வேன் புளியமரத்தடியில் நின்றது. மாமா வெயிலை அண்ணாந்து பார்த்தார், இரண்டாவது வருமா என்று. வரவில்லை. ஜெபமாலையின் நுனியை மூக்கில் விட்டுப் பார்த்தார். வரவில்லை. டப்பாவைத் திறந்து முகர்ந்தார், பொடி எங்கள் தெருவில் இருந்தது. திரும்பிப் போனால் ஊசி போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

"மாமா, போலாம் மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் மட்டும்னா போயிடுவேம்மா." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மாசமா இருக்கற பொண்ண வெச்சிகினு... ஆறு வருஷம் கழிச்சு வந்தது... எனக்குத் தைரியம் வரலியே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் காலி டப்பாவை மறுபடி திறந்து, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். அத்தை வாய்க்குள் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார் மாமா, டப்பாவை மூடியபடி. "தும்மினா நீ என்னா சொல்லுவ?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"மெதுவாச் சொல்லு."

"அல்-ஹம்து-லில்லாஹ்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அல்லம்து... லில்லா" என்றார். சரியா என்பதுபோலக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எங்களில் ஒருவர் அப்படிச் சொல்லக் கேட்டால், 'அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும்' என்று பதில் சொல்ல வேண்டும். "யர்ஹமுகல்லாஹ், மாமா" என்றேன்.

"அவ்ளோதான். தோஷம் கழிஞ்சிபோச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாய்ந்திருந்த மாதாவை நிமிர்த்தி வைத்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டு, மாமா கியரைப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வேன் ஓடிய வேகத்தை அந்த வேனே எதிர்பார்த்திருக்காது.

கிளினிக்கில் இருந்ததெல்லாம் குழந்தைகள்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டார். "குழந்தை பேரு?"

"இன்னும் வெக்கல."

"எத்தனை மாசம்?"

"ஆறு."

"ஆறு மாசமா பேரு வெக்காம இருக்கீங்க? சரி, குழந்தைய எடை போடணும், இப்படிக் குடுங்க."

நான் பதில் சொல்லுமுன் மாமா முந்திக்கொண்டார். "அத இப்ப குடுக்க முடியாதும்மா. ஐப்பசில வா, தரோம். ஃப்ளூ ஊசி மட்டும் இப்ப போடு." அந்த 'ஃப்' அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தோளில் ஊசி ஏறியது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. மாமா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் எனக்குப் போட்டுவிட்டு, அவருக்கு நாற்காலி கொடுக்கச் சொன்னார்.

அந்த வருடம் மழையோடு காய்ச்சலும் வந்தது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் படுத்தார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில், கொட்டுகிற மழையில், மாமா வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் எனக்கு நாலு தும்மல் வந்தது. நாலும் ரெட்டைக் கணக்கு என்று மாமா சந்தோஷப்பட்டார். மகள் பிறந்தாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குச் சிதம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய லாரி முன்னால் போய்விட்டது. எங்களை வேறு யார் கொண்டுபோய் விடுவார்? வேனில் ஏறினோம். ஸ்டெல்லா அத்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா எதையும் பார்க்காதவர்போல நேராக முன்னால் பார்த்து வண்டியை எடுத்தார். யாரும் தும்மவில்லை. பூக்காரம்மா தும்மவில்லை, எதிர்வீட்டுக்காரர் தும்மவில்லை, ஆடிக் காற்றும் இல்லை. தெருமுனை வந்துகொண்டே இருந்தது.

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு தும்மல் போட்டேன். பொய்த் தும்மல். போட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ் சொல்லலியா?" என்றார் என் கணவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாருடைய தும்மல் எப்படி இருக்கும் என்று தெரியாதவரா அவர்?

"ஒத்தத் தும்மல்," என்றார், குரல் கரகரத்து. "என்னா பண்றது. எறங்கித் தண்ணி குடிச்சிட்டுத்தான் போவணும்."

ரிவர்ஸ் கியர் போட்டார். டிங் டிங் என்று அந்தப் பாட்டு தெரு முழுக்கக் கேட்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினார்.